இடியுறதுக்கு முன்னாடி யார் காசு குடுப்பா?

புரட்டாசி பிறந்துட்டா எங்க டெல்டா பக்கம் எல்லாருக்கும் கண்ணு வயல்லதான். ஒரு பக்கம் குறுவை அறுப்பு, ஒரு பக்கம் சம்பா நடவு. அறுத்த நெல்லு காயணும், கொள்முதல் நிலையத்துல மூட்டை தேங்காம எடுக்கணும், வாய்க்கால்ல தண்ணி வரணும். இதுக்கு நடுவுல வீடுன்னு ஒண்ணு இருக்குறதே மறந்து போயிடும். வடகிழக்குப் பருவமழை வழக்கமா அக்டோபர் 20 வாக்குல தொடங்கும். ஐப்பசி பிறந்து ரெண்டு மூணு நாள்தான் ஆகியிருக்கும்.

வீட்டை அடைமழைக்குத் தயார் பண்ண வேண்டிய நாளும், வருஷத்துலயே ஆள் கிடைக்காத நாளும் ஒண்ணா வந்து நிக்குது. இதுதான் முதல் சிக்கல். கீத்து வேயத் தெரிஞ்சவர், மண்சுவர் பூசத் தெரிஞ்சவர் எல்லாரும் அப்ப யாரோ ஒருத்தர் வயல்ல நிக்கிறாங்க. நம்ம வயல்லயும்தான். அவங்க சொந்தக் கூரை கடைசியாத்தான் நினைப்புக்கு வரும், அதுக்குள்ள வானம் இறங்கிடும். “நிவாரணக் காசு வரும்னு வீட்டைப் போட்டு வச்சிருக்காங்க” என்று டீக்கடையில் பேசுபவர்களை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. அப்படிப் பேசுறவங்க வீட்டுல பெரும்பாலும் தளம் போட்டிருக்கும்.

மழைக்கு வீட்டைப் பார்க்கணும்னு சொன்னா எல்லாரும் அண்ணாந்து கூரையைத்தான் பார்க்குறாங்க. நான் முதல்ல குனிஞ்சு சுவரடியைப் பாருங்கன்னு சொல்லுவேன். கூரை ஒழுகினா பாத்திரம் வைக்கலாம், படுக்கையை நகர்த்திப் போடலாம். சுவர் விழுந்தா ஆள் போயிடும். மண்சுவர் மேலேருந்து நனையுறதை விட அடியிலேருந்து ஊறுறதுதான் ஆபத்து. தண்ணி நின்ன இடத்துல அடிச்சுவர் களியா இளகிப்போகும், மேல இருக்குற பாரம் அப்படியே சரியும். நாலு நாள் கொட்டின மழையில விழாம நின்ன சுவர், மழை விட்டு வெயில் அடிச்ச மறுநாள் விழுறதையும் பார்த்திருக்கோம். மழை விட்டுடுச்சேன்னு சுவர் ஓரமா பிள்ளைகளைப் படுக்க வைக்கிறது அதனாலதான் தப்பு.

பழைய வீடுகளில் திண்ணை எதற்கு வைத்தார்கள் என்று கேட்டால் வழிப்போக்கர் உட்கார என்றுதான் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். ஆனா அந்தத் திண்ணைதான் சுவரடியை மழைத் தண்ணிகிட்ட இருந்து ரெண்டு மூணு அடி தள்ளி வச்சுது. அதுக்கும் வெளிய இறவாணம் நீண்டு இறங்கி, சொட்டுற தண்ணியைத் தெருவுல விட்டுது. கார் நிறுத்தணும், கடை வைக்கணும்னு திண்ணையை இடிச்சோம். தாழ்வாரத்தை வெட்டினோம். இப்ப தண்ணி நேரா சுவர் மேலயே வழியுது.

வாடை வடக்கேயும் கிழக்கேயும் இருந்து அடிக்கும். அதனால் சாரல் வாங்குவது அந்த ரெண்டு பக்கச் சுவரும்தான். எங்க அப்பா காலத்துல புரட்டாசி கடைசிக்குள்ள அந்த ரெண்டு பக்கமும் கீத்துத் தட்டி கட்டிடுவாங்க. தென்னை மட்டையைக் குளத்துல ஊறப்போட்டு, கிழிச்சு, முடைஞ்சு அடுக்கி வைக்கிற வேலை ஆடியிலயே ஆரம்பிச்சிடும். வீட்டுப் பொம்பளைங்க பொழுது சாய உட்கார்ந்து முடைவாங்க. இப்ப தட்டிக்குப் பதிலா தார்ப்பாய், இல்லைன்னா தேர்தலுக்கு அடிச்ச பிளக்ஸ். குறை சொல்லலை, பிளக்ஸ் நல்லாவே தாங்குது. கட்சிக்காரங்களால ஏழை வீட்டுக்கு வருஷா வருஷம் கிடைக்கிற உருப்படியான பொருள் அது ஒண்ணுதான்.

நாட்டு ஓட்டு வீடுகள் இன்னும் மிச்சம் இருக்கு. அதுல உடைஞ்ச ஓட்டை விட அடைஞ்ச ஓடுதான் மோசம். மல்லாந்த ஓட்டு வழியில வேப்பஞ்சருகும் எலிக்கூடும் சேர்ந்தா தண்ணி எதிர்த்து ஏறி வரிச்சுல இறங்கும், வரிச்சு மக்கும், அப்புறம் கரையான் பார்த்துக்கும். பிரிச்சு மாத்தத் தெரிஞ்ச ஆள் எங்க ஊர்ல ரெண்டு பேர், ரெண்டு பேருமே அறுபதைத் தாண்டியவங்க. தகரமோ சிமெண்ட் ஷீட்டோ போட்டிருந்தா கொக்கி போல்ட்டை ஒவ்வொண்ணா தட்டிப் பார்த்துடுங்க. 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா கரை ஏறினப்ப பறந்த ஷீட்டுகளை எங்க பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஷீட் மேல கருங்கல் தூக்கி வைக்கிற பழக்கத்தை விட்டுடுங்க. காத்துல அது யார் தலையில இறங்கும்னு சொல்ல முடியாது. மணல் மூட்டை வைங்க, இல்லைன்னா கம்பி போட்டு இழுத்துக் கட்டுங்க.

தளம் போட்டவங்களுக்கும் ஒரு வார்த்தை. காங்கிரீட் வீட்டுக்கு ஒண்ணும் பார்க்க வேண்டாம்ங்கிற நினைப்பு தப்பு. மாடித் தண்ணி இறங்குற குழாய் வாயில புளிய இலை அடைச்சிருக்கும். கைப்பிடிச் சுவர் இடுக்குல அரசங்கன்று முளைச்சிருக்கும், அதைச் சின்னதுல வேரோட எடுக்கலைன்னா நாலு வருஷத்துல சுவரைப் பிளந்துடும். மழைக்கு முன்னாடி ஒரு நாள் குழாயை அடைச்சு, வயலுக்குக் கட்டுற மாதிரி மாடியில ரெண்டு விரக்கடை தண்ணி கட்டிப் பாருங்க. எங்க கசியுதுன்னு அன்னைக்கே தெரிஞ்சிடும். கசிஞ்ச தண்ணி கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு உப்பினா காரை பேந்து விழும். பழைய தொகுப்பு வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் கம்பி எலும்பு மாதிரி தெரிவது இப்படித்தான்.

இதெல்லாம் அவரவர் வீட்டுக் கதை. அவரவர் கையில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. எங்க தெருவுல சிமெண்ட் ரோடு மேல சிமெண்ட் ரோடா மூணு தடவை போட்டாச்சு. முன்னாடி ரெண்டு படி ஏறிப் போன வீட்டுக்குள்ள இப்ப இறங்கிப் போறோம். தெருத் தண்ணி முழுக்க சுவரடியிலதான் நிக்குது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துட்டு அதே மட்டத்துலதான் புது ரோடு போடணும்னு 2021-லயே தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். எங்க தெரு வரைக்கும் அந்தக் காகிதம் வந்து சேரலை போல. மேட்டுப்பாளையம் நடூர்ல 2019 டிசம்பர் 2 விடியக்காலை 17 பேர் செத்தது அவங்க வீட்டுச் சுவர் விழுந்து இல்லை, பக்கத்து இடத்துக்காரர் எழுப்பின உயரமான கல்சுவர் மழையில ஊறி அவங்க வீடுகள் மேல சாஞ்சு. தன் வீட்டை எவ்வளவு பார்த்து வச்சாலும் அடுத்தவன் சுவருக்கு நாம என்ன பண்ண முடியும்? அதுக்குத்தானே ஊராட்சியும் அதிகாரியும்.

காசு விஷயத்துக்கு வர்றேன். அரசு ஒண்ணுமே செய்யலைன்னு சொன்னா அது பொய். 2024-ல கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துல குடிசைக்குப் பதிலா தளம் போட்ட வீடு கட்ட 3.5 லட்ச ரூபாய்னு அறிவிச்சாங்க. 2000-ஆம் ஆண்டுக்கு முந்தி அரசு கட்டிக் கொடுத்த வீடுகளைப் பழுது பார்க்கவும் தனியா ஒரு திட்டம் வந்துச்சு. ரெண்டுமே நல்லதுதான். ஆனா புது வீடு வரிசைப்படிதான் வரும். அந்த முறை வர்ற வரைக்கும் அந்தக் குடும்பம் இந்த ஐப்பசியையும் அடுத்த ஐப்பசியையும் அதே மண்சுவருக்குள்ளதான் கழிக்கணும். அவங்க தானே கட்டிக்கிட்ட வீடுங்கிறதால பழுது பார்க்குற திட்டத்துலயும் பேர் இருக்காது. சுவர் விழுந்தா மட்டும் வி.ஏ.ஓ. வருவார், போட்டோ எடுப்பார், அளப்பார், பாதியா முழுசான்னு எழுதுவார், காசு வரும். ஆள் செத்தா இன்னும் பெரிய காசு வரும்.

அந்தக் காசுல சின்னப் பங்கை புரட்டாசியில குடுங்கன்னுதான் கேட்குறேன். ஒரு வீட்டுக்கு ஒரு வண்டி மண், கொஞ்சம் கீத்து, ஒரு நல்ல தார்ப்பாய், ரெண்டு ஆளுக்கு ரெண்டு நாள் கூலி. அவ்வளவுதான். இதுல ஏமாத்துவாங்கன்னு சொல்லலாம், சிலர் ஏமாத்தவும் செய்வாங்க. பாதி இடிஞ்ச வீட்டை முழுசா இடிஞ்சதுன்னு எழுதுறதுல நடக்காத ஏமாத்தா? நடவுக் கூலி குடுக்குற நம்மாலயும் ஒண்ணு முடியும். நம்ம வயலுக்கு வர்ற ஆளுங்களுக்கு ஒரு ரெண்டு நாள், அவங்க வீட்டு வேலைக்குன்னு விட்டுக் கொடுக்கலாம். ரெண்டு நாள் தள்ளிப்போனா சம்பா ஒண்ணும் கெட்டுப்போகாது.

அக்டோபர் 2 கிராம சபை வருது. மழைக்கு அதுக்கப்புறம் பதினெட்டு நாள். குடிநீர், தெருவிளக்குன்னு வழக்கமான தீர்மானத்தோட, ஊர்ல எந்தெந்தச் சுவர் சரியப் பார்க்குதுன்னு ஒரு பட்டியல் எடுத்து தீர்மானமா எழுதணும்னு கேட்கப் போறேன். சொந்தச் சுவர், பக்கத்துச் சுவர், பள்ளிக்கூடச் சுவர், பஞ்சாயத்துத் தொட்டிச் சுவர் எல்லாம் சேர்த்துத்தான். எங்க தெருவுல நடந்து பார்த்து ஏழு எழுதி வச்சிருக்கேன். அதுல ரெண்டு வீட்டுல பாட்டிங்க தனியா இருக்காங்க, அந்த ரெண்டுக்கும் மண் அடிக்க என் டிராக்டர் வரும். உங்க தெருவுல எத்தனைன்னு எண்ணிக்கிட்டு வாங்க.