ஓட்டுபவர் பேசுகிறார், நடப்பவர் எங்கே?

ஆண்டுக்கு இரண்டு பருவங்களில் என் தொலைபேசிக்கு ஓய்வே இராது. ஒன்று நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கும் ஆடி மாதம். மற்றொன்று மார்கழி விடுமுறைக் காலம். அழைப்பவர்கள் ரொறன்ரோ, பாரிஸ், ஒஸ்லோ, சூரிச் என்று பல திசைகளில் வாழும் உறவினரும் பழைய நண்பரும். மாத்தளையில் பிறந்து, கொழும்பில் நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் உழன்று, மீண்டும் மாத்தளைக்கே வந்து சேர்ந்தவன் என்பதால், கண்டிக்கு வடக்கே உள்ள வீதிகள் அனைத்தும் எனக்கு மனப்பாடம் என்பது அவர்களின் நம்பிக்கை. கேள்வி எப்போதும் ஒன்றுதான். "கட்டுநாயக்காவில் ஒரு காரை வாடகைக்கு எடுத்து நாங்களே ஓட்டி வரலாமா?"

சட்டப்படி வரலாம். என் விடை: வேண்டாம். இந்த விடையைக் கேட்டுப் பலர் என்னோடு கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். "இருபது வருஷமாக ஓட்டுகிறேன், எனக்கா ஓட்டத் தெரியாது?" என்பதே எல்லோரின் மறுமொழியும். தெரியும் ஐயா. யார் இல்லையென்றது? கனடாவின் பனியிலும் ஜெர்மனியின் அதிவேக வீதியிலும் ஓட்டத் தெரிந்தவர்தாம் நீங்கள். பலாபத்வெலயில் பாடசாலை விட்டு வீதியோரமாக வரிசையாக நடந்துவரும் பிள்ளைகளுக்கு அது தெரியாது என்பதுதான் சிக்கல்.

2025 ஆகஸ்ட் மாதத்தில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே வெளிநாட்டவருக்குத் தற்காலிகச் சாரதி அனுமதிப்பத்திரம் வழங்கும் ஏற்பாடு தொடங்கியது. அதற்கு முன்னர் வெரஹெரவிலுள்ள மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருந்தது. ஏற்பாடு அறிவிக்கப்பட்டதுமே கூச்சலும் எழுந்தது. எங்கள் பிழைப்பு போகிறது என்றனர் சுற்றுலாச் சாரதிகள். வெள்ளையனுக்கு நம் வீதி தெரியாது, விபத்து பெருகும் என்றனர் சிலர். சுற்றுலாத்துறை வளரவேண்டுமானால் இத்தகைய வசதி வேண்டும் என்றது அரசாங்கத் தரப்பு. மூன்று தரப்பிலும் நியாயத்தின் ஒரு துண்டு இருக்கிறது. ஆனால் மூன்று தரப்பினரும் வாகனத்துக்குள் உட்கார்ந்தவர்கள். அல்லது வாகனத்தால் வருமானம் பெறுபவர்கள். வீதியில் நடப்பவனை எவரும் அழைத்துக் கேட்கவில்லை. பத்திரிகைகளும் கேட்கவில்லை, என் தொழிலையும் சேர்த்தே குற்றஞ்சாட்டுகிறேன்.

உள்ளூர்ச் சாரதிகள் உத்தமர்கள் என்று நான் வாதிட வரவில்லை. இலங்கை வீதிகளில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் மாண்டுபோகிறார்கள். 2025 மே மாதத்தில் கொத்மலையில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த பஸ்ஸை ஓட்டியது இத்தாலியனுமல்லன், பிரெஞ்சுக்காரனுமல்லன். ஆகவே வெளிநாட்டவர் வந்துதான் நம் வீதி கெடுகிறது என்ற பேச்சு வெறும் வேடிக்கை. கெட்ட வீதியில் இன்னொரு அறியாமையையும் ஏன் சேர்க்கவேண்டும் என்பதே என் கேள்வி.

ஏ-9 வீதி என்றாலே நம்மவர்க்கு ஓமந்தையும் ஆனையிறவும்தான் நினைவுக்கு வரும். அவ்வீதி கண்டியில் தொடங்கி மாத்தளை, நாலந்தா, நாவுல, தம்புள்ளை ஊடாகத்தான் வடக்கே போகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாத்தளையிலிருந்து தம்புள்ளை வரையிலான பகுதியில் நடைபாதை என்பது பெரும்பாலும் நகர எல்லையோடு முடிந்துவிடும். அப்பால் தார் விளிம்பும் புல்லும்தான். அந்த விளிம்பில்தான் பாடசாலைப் பிள்ளைகள் நடக்கிறார்கள், மரக்கறி மூட்டையோடு சைக்கிள்கள் போகின்றன, விளக்கில்லாத உழவு இயந்திரங்கள் ஊர்கின்றன. இனாமலுவ சந்தியில் சிகிரியாவுக்குத் திரும்பினால், மாலை மங்கிய பின் யானையும் வீதிக்கு வரும். ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறும் வீதியில் பகலிலேயே மூடுபனி இறங்கும். எதிரே வருபவருக்கு வழிவிட எந்த வளைவில் நிற்கவேண்டும் என்பதை எந்தப் பலகையும் சொல்லாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மத்திய மலைநாட்டைப் புரட்டிப்போட்டபோது, எந்த வீதி உயிரோடிருக்கிறது என்பதை எங்களுக்குச் சொன்னது கைத்தொலைபேசி வரைபடம் அல்ல; பால் சேகரிக்கும் லொறிச் சாரதிகள்தாம்.

முன்விளக்கை மின்ன விடுவது எவ்வளவு சிறிய விஷயம்! இலண்டனில் எதிரே வருபவர் விளக்கை மின்னவிட்டால் "நீங்கள் முதலில் போங்கள்" என்று பொருள் கொள்வார்கள். இங்கே "நான் வருகிறேன், அசையாதே" என்று பொருள். ஒரே சைகை, நேரெதிரான இரண்டு அர்த்தங்கள். இலண்டன்காரருக்கு இடப்பக்கம் ஓட்டுவது பழக்கம். ஆகவே தமக்கு ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் அவர்கள்தாம். நாவுலவில் ஒரு தனியார் பஸ் விளக்கை மின்னவிட்டபடி வரும்போது, அதை நாகரிகம் என்று எண்ணிக் குறுக்கே திரும்பினால் என்ன ஆகும் என்பதை நான் எழுதவேண்டியதில்லை. கட்டணம் செலுத்திப் பெறும் அந்தக் கடதாசியில் இது இல்லை. அங்கே ஓட்டிக் காட்டச் சொல்வாரும் எவருமில்லை.

இவ்வளவு கண்டிப்பாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைத்துவிட்டு உபதேசம் செய்தால் நான் யோக்கியனல்லன்.

2023 டிசம்பரில் என் ஒன்றுவிட்ட அக்காவின் மகன் கனடாவிலிருந்து குடும்பத்தோடு வந்தான். வாடகைக் கார். அனுமதிப்பத்திரம், காப்புறுதி எல்லாம் முறைப்படி இருந்தன. நிதானமான பிள்ளை, மது தொடாதவன். என்னையும் ஏற்றிக்கொண்டு சிகிரியாவுக்குப் புறப்பட்டோம். நாவுலவுக்கு இப்பால் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினோம். குடித்துவிட்டுக் கிளம்பியபோது வீதி வெறிச்சோடிக் கிடந்தது. பதினெட்டு ஆண்டுப் பழக்கம் கையை இழுத்துச் சென்றது. கார் வலப்பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. பின்னால் பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள். முன்னால் இருந்த நானும் ஏதோ பழங்கதை சொல்லிக்கொண்டிருந்தேன். இருவருமே கவனிக்கவில்லை. வளைவில் எதிரே ஒரு சைக்கிள். அவன் ஒடித்துத் திருப்பினான். அந்த மனிதர் கானுக்குள் விழுந்தார்.

உயிருக்கு ஆபத்தில்லை. தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. கூட்டம் சேர்ந்தது. "பொலிஸ் வேண்டாம், பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்று யாரோ சொன்னார்கள். மருமகன் முகம் வெளுத்து என்னைப் பார்த்தான். "மாமா, கேஸ் ஆனால் நான் எப்படித் திரும்பிப் போறது? அஞ்சாம் தேதி பிளேன்." விபத்தில் ஒருவர் காயமுற்றால் பொலிஸாருக்கு அறிவிப்பது சாரதியின் சட்டக் கடமை என்று எத்தனை முறை பத்திரிகையில் எழுதியிருப்பேன்! அன்று நான்தான் நாற்பதாயிரம் ரூபாயை எண்ணி, அந்த மனிதரின் மைத்துனர் கையில் கொடுத்தேன். மருத்துவமனைக்கு முச்சக்கரவண்டி பிடித்து அனுப்பினோம். பிறகு சிகிரியாவுக்கும் போனோம். ஆம், போனோம்.

மூன்று வாரம் கழித்து அவரைத் தேடிப் போனேன். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி மூட்டை இறக்கும் நாட்கூலி அவர். தோள்தான் அவருடைய மூலதனம். பணம் அதற்குள் முடிந்துவிட்டது. அவருக்கு என்மேல் கோபம் இருக்கவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "மாத்தயா, தெரியாமல் நடந்ததுதானே" என்றார். நாங்கள் பொலிஸில் முறையிட்டிருந்தால், கட்டாய மூன்றாம் தரப்புக் காப்புறுதியின் வழியாக அவர் இழப்பீடு கோரியிருக்கலாம். அந்தக் கதவை நாற்பதாயிரம் ரூபாயால் மூடியவர்கள் நாங்கள்.

இத்தாலியில் வாழும் நம்மவர் எவரையாவது கேட்டுப்பாருங்கள். அங்கே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பெற்ற அனுமதிப்பத்திரத்தோடு கார் ஓட்டும் பயணி, சர்வதேச அனுமதிப்பத்திரத்தையோ உறுதிப்படுத்திய மொழிபெயர்ப்பையோ உடன் வைத்திருக்க வேண்டும். புளோரன்ஸ், ரோம் போன்ற நகரங்களின் பழைய மையங்களில் அனுமதியில்லாத வாகனம் நுழைந்தால், கமரா இலக்கத்தகட்டைப் படித்துவிடும். பயணி ஊர் திரும்பிச் சில மாதங்கள் கழித்து அபராதச் சீட்டு வீடு தேடி வரும். விபரம் கொடுத்ததற்காக வாடகை நிறுவனம் தனியே ஒரு தொகையும் அறவிடும். "எனக்கு இத்தாலிய மொழி தெரியாது" என்ற சமாதானம் எடுபடாது. அதற்கும் மேலாக, வீதியில் ஆளைக் கொல்வதை 2016-ஆம் ஆண்டின் 41-ஆம் இலக்கச் சட்டம் அங்கே தனிக் குற்றமாகவே ஆக்கியிருக்கிறது. கடும் மதுபோதையில் ஒருவரைக் கொன்றால் 8 முதல் 12 ஆண்டு வரை சிறை. இத்தாலியரும் எதிரே வந்து விளக்கை மின்னவிட்டால் "வருகிறேன், விலகு" என்பதுதான் பொருள். ஓட்டும் முறையில் நமக்கு அவர்கள் தூரத்து உறவினர்தாம்! ஆனால் அங்கே விதி பயணியைத் துரத்திக்கொண்டு போகிறது. இங்கே பயணி விதியைக் கடந்து விமானமேறிவிடுகிறான். பாரிஸிலும் ரொறன்ரோவிலும் ஒரு யூரோ, ஒரு டொலர் தண்டத்துக்கு நடுங்கும் நம்மவரே இங்கு வந்ததும் "காசைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள்.

சாரதியோடு வாகனம் எடுத்தால் ஏமாற்றுகிறார்கள் என்று ஒரு குறை சொல்லப்படுகிறது. பொய்யில்லை. மாத்தளையைத் தாண்டியதும் வரும் வாசனைத் திரவியத் தோட்டங்களில் வண்டி தானாகவே நிற்பதும், உள்ளே எண்ணெய்ப் போத்தல் கொள்ளை விலைக்கு விற்கப்படுவதும், அதில் சாரதிக்குப் பங்கு போவதும் ஊரறிந்த இரகசியம். "தோட்டம் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், தீர்ந்தது. அவருக்கு நல்ல கூலி கொடுங்கள். இரவில் அவர் எங்கே படுக்கிறார் என்று ஒருமுறை கேளுங்கள். வண்டியின் இருக்கையிலேயே தூங்கி எழுந்த மனிதர்தான் மறுநாள் உங்கள் பிள்ளைகளை மலையேற்றப் போகிறார்.

விமான நிலையக் கருமபீடத்தை மூடச் சொல்லவில்லை. வலப்பக்கம் ஓட்டும் நாட்டிலிருந்து வருபவருக்கு, ஒரு பயிற்றுநரை அருகில் வைத்து அரைநாளாவது ஓட்டிக்காட்டிய பிறகே அந்தக் கடதாசி கொடுக்கப்படவேண்டும். விபத்து நேர்ந்தால் என்ன செய்யவேண்டும், எங்கே முறையிடவேண்டும் என்பதை அவர் மொழியில் எழுதிக் கையொப்பம் வாங்கவேண்டும். விமானத்தில் பத்து மணி நேரம் தூங்காமல் வந்தவரிடம் அன்றிரவே சாவியைக் கொடுப்பதை வாடகைக்காரர்களும் நிறுத்தவேண்டும். இவை எதற்கும் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம்.

இந்த வீதிக்கு ஒரு பழைய கணக்கும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடாகத் தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து, மாத்தளைக்குக் கால்நடையாகவே வந்தார்கள். பசியிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1880-இல் மாத்தளைக்கு இரயில் வந்தது கோப்பி மூட்டையை ஏற்றிச்செல்ல. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, குளிரூட்டிய காரில் ஏறும் நம்மவரில் எத்தனை பேர் இதை அறிவார்கள்? என் பாட்டனாரின் தகப்பனார் அந்த வழியாக நடந்து வந்தவர். நாங்கள் சைக்கிள்காரரைத் தள்ளிவிட்டதும் அதே வழியில்தான்.

மருமகன் மீண்டும் வருகிறான். போன வாரம் அழைத்து, "மாமா, இந்த முறை கவனமாக ஓட்டுவேன்" என்றான். உக்குவெலையில் ஒரு சாரதியைப் பேசி வைத்திருக்கிறேன். நாளொன்றுக்கு என்ன கூலி, எங்கே தங்குவார் என்பதெல்லாம் முடிவாகிவிட்டது. நாவுலவில் ஓரிடத்தில் வண்டி நிற்கும், யாரைப் பார்க்கப் போகிறோம் என்பதையும் அவனுக்குச் சொல்லிவிட்டேன். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "சரி மாமா" என்றான்.