கமெராவும் கடிதமும்: வேக விழிப்புணர்வு வகுப்பு எம்மவரை எட்டுகின்றதா?

நோர்த் சேர்குலர் பெருவீதி வழியே நாள்தோறும் வேலைக்குச் சென்று மீளும் எட்மண்டன் வாழ் தமிழருள், வேகக் கமெராவில் ஒரு தடவையேனும் அகப்படாதவர் சிலரே இருப்பர். சில நாட்களின் பின் ஒரு கடிதம் வரும். 30 மைல் எல்லையுள்ள வீதியில் 35 முதல் 42 மைல் வரையான வேகத்தில் அகப்பட்டவருக்குப் பொதுவாக இரு வழிகள் காட்டப்படுகின்றன. 100 பவுண் தண்டமும் 3 குற்றப்புள்ளிகளும் ஏற்பது ஒன்று. பணம் கட்டி வேக விழிப்புணர்வு வகுப்பில் அமர்வது மற்றையது. மூன்று ஆண்டுகளுக்குள் ஏற்கனவே இவ்வகுப்புக்குச் சென்றவருக்கு மீண்டும் இச்சலுகை கிடையாது. வகுப்பின் முடிவில் பரீட்சையும் இல்லை. நேரத்துக்கு வந்து, கேட்கப்படுவதற்குப் பதிலளித்தாற் போதும். 2020 ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின்னர் பெரும்பாலும் கணினித் திரையிலேயே அது நடந்து முடிகின்றது.

தண்டிப்பதிலும் பயிற்றுவிப்பதே மேல் என்னும் எண்ணம் இந்நாட்டில் 1988 ஆம் ஆண்டின் வீதிச்சட்ட மீளாய்வு அறிக்கையோடு வலுப்பெற்றது. நல்ல எண்ணந்தான். ஆனால் பொதுமக்களிடம் பணம் பெற்று நடத்தப்படும் ஒரு திட்டம், அதுவும் கட்டணத்தின் ஒரு பகுதி பொலிசாரின் செலவுக்கே திரும்பிச் செல்லும் ஒரு திட்டம், உண்மையில் பயன் தருகின்றதா என்பதை யார் அளந்து பார்ப்பது?

பிரித்தானியப் போக்குவரத்துத் திணைக்களம் இதற்கென ஓர் ஆய்வைச் செய்வித்து, 2018 இல் வெளியிட்டது. 13 பொலிஸ் படைகளின் பதிவேடுகளிலிருந்து, 2012 முதல் 2017 வரை, ஏறத்தாழ 22 இலட்சம் சாரதிகளின் விபரங்கள் ஆராயப்பட்டன. வகுப்புக்குச் சென்றவர்கள் அடுத்த ஆறு மாதங்களில் மீண்டும் வேகக்குற்றம் புரியும் வாய்ப்பு 12 முதல் 23 வீதம் வரை குறைந்ததாகக் கண்டனர். அரசு இதனைப் பெருமையுடன் எடுத்துரைத்தது. அதே அறிக்கையின் மற்றொரு முடிவு அவ்வளவாகப் பேசப்படவில்லை. காயம் விளைவிக்கும் விபத்துகளின் எண்ணிக்கையிலோ கடுமையிலோ வகுப்பினால் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்பட்டதென நிறுவ முடியவில்லை. விபத்துகள் அரிதாக நிகழ்வதால் இன்னும் பெருந்தொகையினரின் விபரங்கள் வேண்டும் என்பதே ஆய்வாளர் கூறிய காரணம். காரணம் நேர்மையானது, ஆயினும் வகுப்பின் நோக்கம் உயிர்காப்பது என்றால், அதுவே இன்னமும் நிறுவப்படாமல் இருக்கின்றது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில அரசு விபத்துகளையே எண்ணிப் பார்த்தது. அங்கு வகுப்புக்குச் சென்றால் குற்றச்சாட்டே அழிந்துவிடும் நடைமுறை நெடுங்காலம் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்மாநில மோட்டார் வாகனத் திணைக்களம் வெளியிட்ட ஆய்வோ, அவ்வாறு குற்றத்தை அழித்துக்கொண்டவர்கள், தண்டனை பெற்றவர்களைவிடக் கூடுதலான விபத்துகளில் சிக்கினர் என்றது. தனது சொந்தத் திட்டத்தின் குறையைத் தானே எழுதிவைத்த அத்திணைக்களத்தைப் பாராட்டத்தான் வேண்டும். இருப்பினும் குற்றம் முற்றாக அழிக்கப்படாது, வெளியார் காணாதவாறு பதிவில் வைக்கப்படும் என்று சட்டம் மாறியது 2011 யூலையிற்றான்.

இனி எம்மவர் நிலைமைக்கு வருவோம். இலண்டன் ஆய்வின் கேள்வி வகுப்புக்கு அழைக்கப்பட்டவர்களைப் பற்றியது. அழைப்பு கைக்கு வந்து சேராதவர், வந்தும் வாசித்து விளங்காதவர் ஆகியோர் எந்தப் பட்டியலில் எண்ணப்படுவர்? அகதியாக வந்தவர் அடிக்கடி வீடு மாறுகின்றார். எட்மண்டனில் ஓர் அறை, பின்னர் என்ஃபீல்டில் ஒரு வீடு, பிறகு வேறொரு நகரம். கடிதமோ வாகனத்தின் பதிவாளரின் பழைய முகவரிக்கே செல்லும். சாரதி யார் என்பதை 28 நாட்களுக்குள் அறிவிக்கத் தவறினால் அது தனிக் குற்றம்: 6 புள்ளிகளும் 1000 பவுண் வரையான தண்டமும் விதிக்கப்படலாம். அனுமதிப்பத்திரம் பெற்று இரண்டு ஆண்டுகள் நிறையாதவர், 1995 ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்த 6 புள்ளிகளுடன் அப்பத்திரத்தையே இழந்துவிடுவார். மினிகாப் ஓடுபவரும், பொதி விநியோகம் செய்பவரும் அன்றே வேலையின்றி நிற்க வேண்டியதுதான். ஐந்து மைல் கூடுதலாக ஓடிய தவறு, வகுப்பு ஒன்றோடு முடிந்திருக்க வேண்டியது, இங்கு வந்து நிற்கின்றது.

அவர் திரும்பவும் தியறிப் பரீட்சையிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு காலத்தில் அப்பரீட்சையைத் தமிழ் உட்பட 19 அந்நிய மொழிகளில் ஒலிவடிவில் கேட்டு எழுத முடிந்தது. 2014 ஏப்ரல் 7 முதல் அது நிறுத்தப்பட்டது, மொழிபெயர்ப்பாளரும் தடைசெய்யப்பட்டனர். வீதிப் பலகைகளை வாசிக்கத் தெரியாதவர் வாகனம் ஓட்டலாமா என்ற அரசின் வாதத்தை நாம் முற்றாகத் தள்ளிவிடவில்லை. சில மொழிபெயர்ப்பாளர் விடைகளைச் சொல்லிக்கொடுத்து மாட்டிக்கொண்டதும் உண்மையே. ஆனால் அபராதக் கடிதத்துடன் தமிழில் அரைப்பக்கக் குறிப்பொன்றை இணைப்பதால் எந்த வீதியின் பாதுகாப்புக் கெட்டுவிடும்?

இங்கே எம்மவர் சிலரிடம் உள்ள ஒரு கெட்ட வழக்கத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. புள்ளிகளை மனைவியின் பெயரிலோ மைத்துனரின் பெயரிலோ போடுவித்துத் தப்புவதைச் சிலர் கெட்டித்தனமென எண்ணுகின்றனர். அமைச்சராயிருந்த கிறிஸ் ஹியூன் 2003 இல் இதனையே செய்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 2013 மார்ச்சில், அவருக்கும் புள்ளிகளை ஏற்ற அவரது முன்னாள் மனைவிக்கும் தலா எட்டு மாதச் சிறை கிடைத்தது. வதிவிட அனுமதிக்கும் குடியுரிமைக்கும் விண்ணப்பித்துக் காத்திருப்போர் நீதிமன்றத் தண்டனையொன்றைப் பதிவில் ஏற்றிக்கொள்வது எத்தகைய ஆபத்து என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

வீடு மாறுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரத்தில் முகவரியை மாற்றினால், எம்மவர் லொக் புக் என்று அழைக்கும் வாகனப் பதிவுப் பத்திரத்திலும் அது தானாக மாறிவிடாது. இரண்டையும் தனித்தனியே அறிவிக்க வேண்டும். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.