கிளி எப்போது கைக்கு வரும்?

புனே அருகே போசரி எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையை நம்பிக் குடியேறிய குடும்பங்கள் வீடு மாறுவது சகஜம். ஒப்பந்த வேலை முடியும், கம்பெனி சாக்கண் பக்கம் போகும், வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டி வரும். அப்போது சில வீடுகளில் கிளிக்கூண்டும் கை மாறுகிறது. வாங்கிக்கொண்டவர் முதலில் கேட்பது, "எத்தனை நாளில் கைக்கு வரும்?" என்பதுதான். அதற்கு முன்னால் தெரிய வேண்டியது, அது என்ன கிளி என்பது.

பச்சைக்கிளியோ, தோளில் சிவப்புத் திட்டு கொண்ட பெரிய கிளியோ என்றால் பழக்கும் பேச்சுக்கே இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளை வளர்ப்பது குற்றம். 2024 ஏப்ரலில் கடலூர் அருகே ஒரு வேட்பாளருக்கு ஜோசியம் பார்த்த கிளிகளை வனத்துறை பறிமுதல் செய்தது பலருக்கு நினைவிருக்கும். ஜன்னலைத் திறந்து பறக்க விடுவதும் தர்மமாகாது; கூண்டிலேயே வளர்ந்ததற்கு இரை தேடத் தெரியாது. மகாராஷ்டிர வனத்துறையின் உதவி எண் 1926-ஐ அழைப்பதே சரி. ஆப்பிரிக்கன் கிரே, சன் கன்யூர் போன்ற வெளிநாட்டுக் கிளிகளை 2024 விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். காக்கட்டீலும் பட்ஜியும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்கான சைட்டிஸ் பட்டியலில் இல்லாததால் அவற்றுக்கு இந்தப் பதிவு கிடையாது.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். கிளி, பிற உயிர்களுக்கு இரையாகும் பறவை. தலைக்கு மேலிருந்து இறங்குவது எதுவானாலும் அதன் உடம்பு அதைப் பருந்து என்றே எடுத்துக்கொள்ளும். வளர்ந்த கிளிக்கு இதற்கு மேல் ஒரு முன்கதையும் உண்டு: துண்டு போட்டுப் பிடித்த கை, இறகு வெட்டிய கை, கூண்டைத் தட்டி விளையாடிய கை. அது அஞ்சுவது உங்களை அல்ல, கையை.

கையுறை போட்டுப் பிடி, பட்டினி போடு, இறகை வெட்டு என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. இவையெல்லாம் பலித்ததுபோலவே தெரியும். தப்பிக்க வழியில்லை என்று கண்ட பறவை அசையாமல் உட்கார்ந்துவிடும். பழகிவிட்டது என்று நாம் மகிழ்வோம். ஜோசியக் கிளி பெட்டிக்குள் திரும்பிப் போவதும் இறகு வெட்டப்பட்டதால்தான். இதைப் பழக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கூண்டின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கட்டும்; நாலாபுறமும் திறந்திருந்தால் கிளிக்கு நிம்மதி இருக்காது. அடுக்களை வேண்டவே வேண்டாம். காலியான நான்ஸ்டிக் சட்டி சூடேறிக் கிளம்பும் புகை, நமக்குத் தெரியாமலே பறவையைக் கொன்றுவிடும். கிளிக்கு இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேர இருட்டும் அமைதியும் தேவை. நைட் ஷிப்ட் முடிந்து வருபவர் விளக்கைப் போடும் அறை அதற்கு ஆகாது.

முதல் சில நாள் கூண்டுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், பேசுங்கள், பேப்பர் படியுங்கள். உள்ளே கை விட வேண்டாம். கிண்ணத்தில் முதலில் எதைக் கொத்துகிறது என்று கவனியுங்கள். அநேகமாகச் சூரியகாந்தி விதையாக இருக்கும். அதைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிட்டு, உங்கள் விரலிலிருந்து மட்டும் கிடைக்கச் செய்யுங்கள். மற்ற தீனி குறையக் கூடாது.

முக்கியமானது இதன் பிறகுதான். கை நெருங்கும்போது இறகுகள் உடலோடு ஒட்டி கிளி விறைத்தால், அங்கேயே நின்று ஓரடி பின்வாங்குங்கள். விட்டுக்கொடுத்தால் கெட்டுப்போகும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. உடம்பால் 'வேண்டாம்' என்றால் போதும் என்று தெரிந்த கிளிக்குக் கடிக்கத் தேவையில்லை. அந்தச் சொல்லை நாம் மதிக்காதபோதுதான் அலகு பேசுகிறது.

கம்பி வழியே பயமின்றி விதை வாங்கும் நாள் வந்ததும் ஒரு குச்சியைக் காட்டி, அதன் நுனியை அலகால் தொட்டால் விதை கொடுங்கள். குச்சியைப் பின்தொடர்ந்து நடக்கவும், கட்டையில் ஏறவும், கடைசியில் கையில் ஏறவும் கற்கும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். வெளியே விடும்போது சீலிங் பேன் நின்றிருக்கட்டும். கணபதி விழாவுக்கு முந்தைய வாரங்களில் டோல் தாஷா மேள ஒத்திகை அதிரும், தீபாவளிக்கு வெடி. அந்த நாட்களில் பாடம் வேண்டாம், பழையபடி பக்கத்தில் உட்காருங்கள். பழகி வந்தது திடீரென்று கடித்தாலோ, உட்கார்ந்த இடத்திலேயே வால் மேலும் கீழும் ஆடினாலோ பறவை மருத்துவரிடம் காட்டுங்கள். அது நோயாக இருக்கலாம்.

பிடிக்காமலும் கிளியோடு பழகலாம். சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்த்த ஜோசப் சேகரின் மொட்டைமாடிக்கு 2004 சுனாமிக்குப் பிறகு கிளிகள் வரத் தொடங்கி, ஆயிரக்கணக்கில் பெருகின. அவர் பலகைகளில் ஊறவைத்த அரிசியைப் பரப்பினார். அவை வந்து தின்றுவிட்டுப் பறந்தன. எந்தக் கிளியையும் அவர் பிடித்துப் பழக்கியதில்லை.

எத்தனை நாள் என்றால், சில கிளிகளுக்கு வாரங்கள், சிலவற்றுக்கு ஒரு வருடம். சில கடைசிவரை கையில் ஏறாமல், பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோத மட்டும் இடம் கொடுக்கும். அதுவும் போதும். கிளியை வாங்கும் நாளில் பழைய கூண்டையும் கிண்ணத்தையும் சேர்த்தே வாங்கி வாருங்கள். அது எதைத் தின்னும், எதற்குப் பயப்படும், அந்த வீட்டில் யாரிடம் போகும் என்று முன்பு வளர்த்தவரிடம் மறக்காமல் கேளுங்கள்.