ஃப்ரீ

தையல்காரரிடம் ரவிக்கைத் துணியைக் கொடுக்கும்போது "கை கொஞ்சம் ஃப்ரீயா இருக்கட்டும்" என்கிறோம். வண்டிக்கு பிரேக் சரிபார்த்த மெக்கானிக், "இப்ப வீல் ஃப்ரீயா சுத்துது பாருங்க" என்கிறார். டாக்டர் "மோஷன் ஃப்ரீயா போகுதா?" என்று விசாரிக்கிறார். தோழிக்கு போன் போட்டால் முதல் கேள்வியே "ஃப்ரீயா இருக்கியா?" என்பதுதான். ஆங்கிலம் படிக்காதவர்கூட எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று தடுமாறுவதில்லை. அதே சொல்லைக் கடைப் பலகையில் பார்த்தால் மட்டும் எல்லோர் மனதிலும் ஒன்றே தோன்றுகிறது: காசில்லாமல் கிடைப்பது.

அந்தப் பொருள் ரொம்பப் பிந்தி வந்து ஒட்டிக்கொண்டது. சொல்லின் பழைய வேருக்கு அன்பு என்று பொருள். சமஸ்கிருதத்தின் 'ப்ரிய' அதே வேரில் கிளைத்தது. நாம் பிரியம் என்பது அங்கிருந்து வந்தது. ஆங்கிலத்தின் ஃப்ரெண்டும் இந்தக் குடும்பம்தான். ஒரு வீட்டில் அன்புக்குரிய சொந்தங்களும் அடிமைகளும் சேர்ந்திருந்த காலத்தில், நம்மவர் என்றாலே அடிமையல்லாதவர் என்று ஆகிவிட்டது என விளக்குகிறார்கள் சொல்லாய்வாளர்கள். யாரோடும் ஒட்டாமல் இருப்பதையே சுதந்திரமாக நினைக்கும் நாளில், அதற்கான சொல் உறவில் பிறந்தது என்று அறிவது எனக்குப் பெரிய ஆறுதல்.

காசில்லாமல் என்ற பொருள் மற்றதையெல்லாம் விழுங்கிவிட்டதில் நஷ்டம் உண்டு. நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனு என்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்தார். 1985இல் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார். மென்பொருளை உள்ளே திறந்து பார்க்க, திருத்த, அடுத்தவருக்குக் கொடுக்க நமக்கு உரிமை வேண்டும் என்பது அவர் கோரிக்கை. பலர் காதில் விழுந்ததோ 'சும்மா கிடைக்கும்' என்று. விலையைச் சொல்லவில்லை, விடுதலையைச் சொல்கிறேன் என்று அவர் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. தமிழில் இதற்குக் கட்டற்ற மென்பொருள் என்று பெயர் வைத்தவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவும் கட்டற்ற கலைக்களஞ்சியம்தான்.

ஆனாலும் ஓரிடத்தில் ஃப்ரீ என்ற சொல்லையே நான் விரும்புகிறேன். 2021இல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அரசாணைக்குக் 'கட்டணமில்லா' என்ற சொல் பொருத்தம். ஏறுகிறவர்களுக்கு அது ஃப்ரீ பஸ். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண் இப்போது இன்னும் இரண்டு ஸ்டாப் தள்ளிப் போய், கூடச் சம்பளம் தருகிற வீட்டில் வேலை கேட்க முடிகிறது. அம்மாவைப் பார்க்கக் கிளம்பும் மகள் பஸ் காசுக்காகக் கணவரிடமோ மாமியாரிடமோ கை நீட்ட வேண்டியதில்லை; கண்டக்டர் கிழித்துத் தரும் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து போய்விட்டு வருகிறாள். இதை இலவசம் என்று ஏளனம் செய்பவர்கள், ஃப்ரீ என்ற சொல்லின் பாதியை மட்டும் படித்தவர்கள்.