படம் வரைந்தால் சோறு போடுமா?

கலைஞர்கள் சேர்ந்து வாழும் ஊர் என்றாலே நம் ஆட்களுக்குக் கொடைக்கானல் மாதிரி ஏதோ ஒன்றுதான் ஞாபகம் வரும். பனி, ஏரி, மரவீடு, தாடி, கையில் ஒரு கிதார்... செலவுக்கு அப்பா காசு! "படம் வரைஞ்சா சோறு போடுமா?" என்று கேட்கும் மாமாக்களும் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள்.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு ஊர் நிஜமாகவே இருக்கிறது. ஆனால் மலையில் இல்லை, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரை மணலில். சோழமண்டலம் ஓவியர் கிராமம். அதன் வரவு செலவைப் பார்த்தால் மாமாக்கள் வாயடைத்துப் போவார்கள்.

சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். படிப்பு முடித்த மாணவர்கள் பிழைப்புக்காகத் தூரிகையையே விட்டுவிடுகிறார்களே என்பது அவர் கவலை. (பி.காம். நண்பர்களுக்கும் புரியும் கவலை!) ஆசிரியரும் மாணவர்களுமாகக் கைத்தொழிலைப் பிடித்தார்கள். பாத்திக் துணி. மெழுகால் வரைந்து சாயத்தில் முக்கினால் மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது, அவ்வளவுதான் சூட்சுமம். அப்படிச் சேர்த்த பணத்தில் ஏறக்குறைய 10 ஏக்கர் வாங்கி, 1966 ஏப்ரலில் கிராமத்தை ஆரம்பித்தார்கள். அதே ஜூனில் ரூபாயின் மதிப்பே குறைக்கப்பட்டது, டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாய்க்குப் போனது. அந்த வருஷத்தில் இந்தத் தைரியம்! முதலில் கூரைக் குடிசைகள், அப்புறம் கைக்கு வந்த காசுக்கு ஏற்றபடி வீடும் பட்டறையும் அவரவரே எழுப்பிக்கொண்டது.

"பாத்திக் எல்லாம் கைவினை, கலையா?" என்று மூக்கைச் சுளிக்கும் மேதாவிகள் வேறு ரகம். அரிசியையும் மண்ணெண்ணெயையும் துணி பார்த்துக்கொண்டால், ஓவியத்தை வாங்குபவர் ரசனைக்கு வளைக்க வேண்டிய அவசியம் என்ன? பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பாருங்கள். ஜாதகக் கட்டம், எழுத்து, எண் எல்லாம் கலந்து கிடக்கும். யார் வீட்டு வரவேற்பறை அழகுக்காக வரைந்தது அது? ஒன்றின் லாபம் இன்னொன்றைத் தாங்குவதற்கு வணிகவியலில் குறுக்கு மானியம் என்று பெயர். கலைஞனுக்குக் கணக்குத் தெரியாதாம்!

பணிக்கர் 1977ல் போய்விட்டார், அவர் மகன் சிற்பி நந்தகோபால் 2017ல். கிராமம் இருக்கிறது. மெட்ராஸ் ஓவிய இயக்கத்துக்கான அருங்காட்சியகம் 2009ல் அங்கேயே திறந்தது. இப்போது மாமாக்கள் கேள்வியை மாற்றிவிட்டார்கள்: "ஈ.சி.ஆர். இடமாச்சே, வித்தா கோடிக்கணக்குல போகுமே?"

மாமா, அது நிலைச்சொத்து. விற்பனைச் சரக்கு வேறு. முதல் வருஷ அக்கவுண்டன்சியிலேயே வருகிறது.