பழைய லொறி மீண்டும் ஓட வேண்டும்

அரசியலையும் தேர்தலையும் பற்றியே எழுதி வந்தவனுக்கு ஓடாத ரிமோட் கொன்ட்ரோல் லொறியில் என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். பழுதடைந்த பொருளை ஒரு சமூகம் என்ன செய்கிறது என்பதில் அதன் பொருளாதாரமும் பண்பும் ஒருசேரத் தெரிகின்றன. அதனால்தான் இந்த அக்கறை.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று நீளும் எங்கள் கரையோர ஊர்களில் இந்த லொறிகள் பெரும்பாலும் கடல் கடந்து வந்தவை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் தொழிலுக்குப் போன வாப்பாமார் விடுமுறையில் வரும்போது, துணிமணிகளுக்கும் அத்தர் போத்தல்களுக்கும் இடையில் மகனுக்கென்று ஒரு லொறியையும் பொதிசெய்து கொண்டுவந்தார்கள். இரண்டு ஆண்டுகள் காணாத பிள்ளையிடம் வாயால் சொல்லத் தெரியாததை அந்த லொறியைக் கொண்டு சொன்னார்கள்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களைப் பறித்தது அம்பாறை மாவட்டத்தில்தான். வீட்டோடு குடும்பப் புகைப்படங்களையும் இழந்தவர்கள் இங்கே ஏராளம். அப்படிப்பட்ட ஊரில் பரணில் எஞ்சியிருக்கும் பழைய விளையாட்டுப் பொருளை வெறும் பிளாஸ்டிக் என்று சொல்லிவிட முடியாது.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் அத்தகைய லொறி இருக்கிறது. அதைக் கொண்டுவந்த வாப்பா இன்று இல்லை. அதை ஓட்டி விளையாடிய மகனுக்கு இப்போது ஒரு மகன். திருத்துவதற்காக முதலில் எடுத்துச்சென்ற இடத்தில், "இதற்குச் செலவழிக்கும் காசுக்குப் புதிதாய் ஒன்று வாங்கலாமே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கணக்கில் பிழையில்லை. ஆனால் அவர் போனது கணக்குக் கேட்க அல்ல.

கடைசியில் அதைத் திருத்தியவர், வானொலிப் பெட்டிகளும் கசற் ரெக்கோடர்களும் திருத்திப் பிழைத்த ஒரு முதியவர். அவர் கண்ட பழுதுகள் பழைய லொறிகள் பலவற்றில் காணப்படுபவையே. உள்ளே விட்டுவைத்த பற்றரிகள் கசிந்து தகடுகளில் பொருக்குப் படிந்திருந்தது. அது காரத்தன்மை உடையது. வினாகிரியில் தோய்த்த பஞ்சினால் துடைத்து, பின் ஸ்பிரிட் கொண்டு சுத்தம் செய்தார். கடற்காற்றின் உப்பு அரித்த கம்பிகளை மாற்றி ஈயம் பற்றவைத்தார். மோட்டார் அச்சில் வெடித்திருந்த சிறிய பல்சக்கரத்துக்குப் பதிலாக, உடைந்த வேறொரு பொம்மையிலிருந்து அதே அளவில் ஒன்றை எடுத்துப் பொருத்தினார். இறுகிப்போன கிறீஸைச் சுரண்டியெடுத்துப் புதியது பூசினார். தேவைப்பட்டவை ஒரு திருப்புளி, ஒரு சோல்டரிங் அயன், ஒரு மல்டிமீற்றர், இரண்டு மாலைப்பொழுதுகள். லொறி ஓடிற்று.

வீட்டில் இப்படி ஒரு லொறி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. கையில் பிடிக்கும் பெட்டியைத் தொலைத்துவிடாதீர்கள். லொறியும் அதுவும் ஒரே அலைவரிசையில் பேச வேண்டும். பழைய நிக்கல் கட்மியம் பற்றரிக்குப் பதிலாக நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் பற்றரி வைக்கலாம். இரண்டிலும் கலம் ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான். லித்தியம் பற்றரியை அப்படியே மாட்டுவது தீ விபத்தை விலைக்கு வாங்குவதற்குச் சமம்.

இந்த லொறியை ஏன் திருத்த முடிந்தது? அது திருகாணிகளால் பூட்டப்பட்டிருந்தது. ஆகவே திறக்க முடிந்தது. ஜப்பானின் தமியா நிறுவனம் 1987இல் வெளியிட்ட கிளாட் பஸ்டர் லொறி, வாங்குபவரே உதிரிகளைக் கோத்துக் கட்டிக்கொள்ளும் வகையில் வந்தது. கட்டத் தெரிந்தவனுக்குக் கழற்றவும் தெரியும். அந்த மாதிரி பிற்காலத்தில் மீண்டும் மீண்டும் தயாரிக்கப்பட்டதால், பழையதை வைத்திருப்பவருக்கும் உதிரிகள் கிடைக்கின்றன. இன்று சந்தையில் குவியும் மலிவுப் பொம்மைகள் பலவற்றை உடைக்காமல் திறக்கவே முடிவதில்லை.

விளைவு என்ன? ஐக்கிய நாடுகளின் யுனிடார் நிறுவனம் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 730 கோடி இலத்திரனியல் விளையாட்டுப் பொருட்கள் வீசப்படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு சட்டம் இயற்றியது. சலவை இயந்திரமும் கைத்தொலைபேசியும் அதன் பட்டியலில் உண்டு. விளையாட்டுப் பொருட்கள் இல்லை. பிள்ளைகளின் பொருள்தானே என்ற அலட்சியம் அங்கும் இருக்கிறது.

2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, புதிதாய் வாங்கலாம் என்ற வாதம் எவ்வளவு பலவீனமானது என்பதை இலங்கையர் நேரில் கண்டோம். இருப்பதைத் திருத்தத் தெரிந்தவனே அன்று நமக்குத் துணை. அந்தக் கைத்தொழில் அறிவு இன்று முதியவர்களோடு மறைந்துகொண்டிருக்கிறது. மருதமுனை நெசவாளி இழை அறுந்தால் தறியை வீசிவிடுவதில்லை. முடிச்சிட்டு நெசவைத் தொடர்கிறார். அந்தப் புத்தி நம் ஊருக்குப் புதிதல்ல.

நான் கேட்பது பெரிய காரியம் எதுவுமில்லை. இறக்குமதியாகும் இலத்திரனியல் விளையாட்டுப் பொருட்கள் திருகாணியால் திறக்கக் கூடியவையாக இருக்க வேண்டும் என்று அரசு ஒரு விதி செய்யட்டும். நம் பாடசாலைகள் வாரத்தில் ஒரு மாலை, பழுதான பொருட்களோடு ஒரு முதிய தொழிலாளியைப் பிள்ளைகள் முன் அமர்த்தட்டும். அவருக்கு உரிய ஊதியமும் கொடுக்கட்டும். வெளிநாட்டிலிருந்து பெருநாளுக்குப் பொதி அனுப்பும் அன்பர்கள், பொம்மையோடு ஒரு சிறிய திருப்புளியையும் சேர்த்து அனுப்பட்டும்.

பொம்மையைத் திறந்து பார்க்கும் பிள்ளையை நாம் இதுவரை அதட்டியே வளர்த்திருக்கிறோம். இனியாவது அருகில் அமர்ந்து, திருகாணிகள் தொலையாமல் இருக்க ஒரு சிரட்டையை எடுத்துக் கொடுப்போம்.