வாசலில் நடுங்குகிறது வெள்ளை நாய்!

மார்கழி மாதம். இரவு மணி இரண்டு. ஊட்டி உறங்குகிறது.

வீட்டுக்குள் எல்லோரும் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிறார்கள். ஜன்னலைச் சாத்தியாகிவிட்டது. கதவுக்குத் தாழ் போட்டாகிவிட்டது.

வாசலில் ஒரு ஜீவன் மட்டும் விழித்திருக்கிறது. கழுத்திலே சங்கிலி. காலடியிலே சிமெண்டுத் தரை. மேலே திறந்த வானம். அதுதான் அந்த வீட்டு நாய்.

"நாய்தானே! உடம்பெல்லாம் முடி இருக்கிறது. குளிரெல்லாம் தாங்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்காரர் கதவைச் சாத்தினார். அவர் கொடியவர் அல்ல. காலையில் எழுந்ததும் நாய்க்குப் பால் ஊற்றுகிறவர். ஆனால், அவர் சொன்னது தவறு. எல்லா நாய்களுக்கும் ஒரே சட்டை அல்ல!

இரட்டைச் சட்டை, ஒற்றைச் சட்டை

இமயமலைப் பக்கத்து நாயைப் பாருங்கள். மேலே நீண்ட முடி. அதற்கு அடியில் பஞ்சு போல இன்னொரு அடுக்கு முடி. இந்த முடிக்குள் காற்று தங்கி நிற்கிறது. அது உடம்புச் சூட்டை வெளியே போகவிடாமல் காக்கிறது. பனி பெய்தாலும் அந்த நாய் தாக்குப் பிடிக்கும்.

ராஜபாளையம் நாய் அப்படி அல்ல. அது விருதுநகர் மாவட்டத்து வெயிலில் ஓடி வளர்ந்த இனம். பால் போன்ற வெள்ளை நிறம். ரோஜா நிற மூக்கு. நீண்ட கால்கள். ஒட்டிய வயிறு. வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போன நாய். 2005-ம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை இந்த நாயின் படம் போட்டுத் தபால் தலையே வெளியிட்டது!

ஆனால், அதன் முடி மிகவும் குட்டை. அடியில் பஞ்சு முடி இல்லை. தோலுக்கு அடியில் கொழுப்பும் குறைவு. வெயிலில் ஓடுவதற்கு இது வசதி. பனியிலே இதுவே பகை. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாய்களுக்கும் இதே கதிதான். தெருவில் எடுத்து வளர்க்கும் சாதாரண நாட்டு நாய்க்கும் முடி குட்டைதான்.

ஆசைப்பட்டு இந்தக் குட்டிகளை வாங்கி மலைக்குக் கொண்டு போகிறார்கள். குட்டி மலை ஏறிவிடுகிறது. அதன் தோல் மாறுவதில்லை!

செடிக்குப் போர்வை உண்டு

ஊட்டி கடல் மட்டத்துக்கு மேலே 7 ஆயிரம் அடிக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே உறைபனிக் காலம். தலைகுந்தா, காந்தல் பக்கங்களில் விடியற்காலையில் புல்வெளி வெள்ளை வெளேர் என்று கிடக்கும். சில நாட்களில் வெப்பம் பூஜ்ய டிகிரி வரை இறங்கிவிடும். கொடைக்கானலிலும் குளிர் கடுமைதான்.

வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே குட்டை முடி நாய்கள் சங்கடப்படும் என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அப்படியானால் பூஜ்ய டிகிரியில் என்ன பாடுபடும்?

நீலகிரி விவசாயிகள் உறைபனியில் கருகாமல் இருக்கத் தேயிலைச் செடிகளைத் தழை போட்டு மூடுகிறார்கள். செடிக்குப் போர்வை உண்டு. வாசலில் கட்டிய நாய்க்கு மட்டும் இல்லையா?

சங்கிலி செய்யும் சதி

நாயை அவிழ்த்து விட்டால் அது எப்படியாவது ஓர் ஒதுக்குப்புறத்தைத் தேடிக்கொள்ளும். விறகுக் குவியலுக்குப் பின்னால் போய்ப் படுக்கும். ஓடி ஆடிச் சூடு ஏற்றிக்கொள்ளும். சங்கிலியில் கட்டிய நாய் என்ன செய்யும்? நடுங்கும். அவ்வளவுதான்.

இன்னோர் அபாயமும் உண்டு. நீலகிரியில் இரவு நேரத்தில் சிறுத்தை ஊருக்குள் வருவது புதிதல்ல. அது பெரும்பாலும் தேடி வருவது நாயைத்தான். சங்கிலியில் கட்டிய நாயால் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது.

"வெளியே இருந்தால்தானே காவல்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நாயின் காது மனிதனின் காதைவிடக் கூர்மையானது. கதவுக்கு உள்ளே படுத்திருந்தாலும் வெளியே காலடி ஓசை கேட்டால் குரைக்கும். குளிரில் விறைத்துப்போன நாயா திருடனைத் துரத்தப் போகிறது?

சட்டமும் இதைச் சொல்கிறது. மிருகங்களை வதைப்பதைத் தடுக்க 1960-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. வளர்க்கும் பிராணிக்குப் போதிய உணவு, தண்ணீர், இருப்பிடம் கொடுக்காமல் இருப்பது அந்தச் சட்டப்படி குற்றம். சதா கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க விடாமல் இருப்பதும் குற்றம்தான்.

செலவு அதிகம் இல்லை

சில வீடுகளில் நாயை உள்ளே விடும் வழக்கம் இல்லை. அவர்கள் திண்ணையிலோ பின்கட்டிலோ ஒரு மூலை ஒதுக்கினால் போதும். ஒரு பழைய மரப்பெட்டி. அதன் அடியில் நான்கு செங்கல். தரையின் ஈரமும் குளிரும் ஏறாது. உள்ளே காய்ந்த வைக்கோல். வாசலில் ஒரு சாக்குத் திரை. காற்று அடிக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் பெட்டியின் வாய் இருக்க வேண்டும். பெட்டி பெரிதாக இருக்கக் கூடாது. நாய் நின்று, திரும்பி, சுருண்டு படுக்க இடம் இருந்தால் போதும். சிறிய இடம்தான் சீக்கிரம் சூடாகும்.

வைக்கோல் நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். ஈரப் படுக்கை, படுக்கையே இல்லாததைவிட மோசம்.

வீட்டில் பிள்ளைகள் போட்டுக் கழித்த ஸ்வெட்டர் இருக்கும். அதை வெட்டித் தைத்தால் நாய்க்குச் சட்டை ஆகிவிடும். நெஞ்சும் வயிறும் மூட வேண்டும். கழுத்தை இறுக்கக் கூடாது. நனைந்தால் கழற்றிவிட வேண்டும்.

குளிப்பாட்டுவதைப் பனிக்காலத்தில் குறைத்துக்கொள்ளலாம். அவசியமானால் நண்பகல் வெயிலில், வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, உடனே நன்றாகத் துவட்ட வேண்டும். நடத்திக்கொண்டு போவதும் வெயில் ஏறிய பிறகுதான். பனிப்புல்லில் நடந்து வந்தால் கால் விரல் இடுக்குகளைத் துடைத்துவிட வேண்டும்.

வெளியில் அதிகம் திரியும் நாய்க்குக் கொஞ்சம் கூடுதலாகச் சோறு வேண்டும். உடம்பில் சூடு உண்டாக்க உணவுதானே விறகு! குடிக்கும் தண்ணீர் உறைந்து போகாமல் அடிக்கடி மாற்ற வேண்டும்.

குட்டிகளும் கிழ நாய்களும் தனிக் கவனத்துக்கு உரியவை. பிறந்து சில வாரங்கள் வரை குட்டியால் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. கிழ நாய்க்கு மூட்டுவலி குளிரில் அதிகமாகும். இவற்றை எந்தக் காரணம் கொண்டும் வெளியே விடக் கூடாது.

இதைக் கண்டால் ஜாக்கிரதை!

நாயின் உடம்புச் சூடு மனிதனைவிட அதிகம். பாரன்ஹீட் கணக்கில் 101 முதல் 102.5 டிகிரி வரை. அது 99-க்குக் கீழே போனால் ஆபத்து தொடங்கிவிட்டது என்று பொருள்.

முதலில் நாய் நடுங்கும். காலை மாற்றி மாற்றித் தூக்கும். முனகும். பிறகு சோர்ந்து படுத்துவிடும். நடை தடுமாறும். அதன்பிறகு நடுக்கம் நின்றுவிடும். "அப்பாடா, குளிர் விட்டது" என்று எண்ணிவிடக் கூடாது. அதுதான் மிகவும் மோசமான கட்டம்! நடுங்குவதற்குக்கூட உடம்பில் தெம்பு இல்லை என்று அர்த்தம்.

உடனே நாயை உள்ளே கொண்டு வந்து, ஈரத்தைத் துடைத்து, கம்பளியில் சுற்ற வேண்டும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். வெந்நீரை மேலே ஊற்றக் கூடாது. விறைத்த காது, வால் நுனிகளைத் தேய்க்கக் கூடாது, சதை புண்ணாகிவிடும். தாமதம் செய்யாமல் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

இரண்டு தவறுகளைச் செய்யவே கூடாது. ஒன்று, "சூடு ஏறும்" என்று பிராந்தி கொடுப்பது. நாய்க்கு மது விஷம். இன்னொன்று, மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டுவது. அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு கிளம்பும். அதற்கு நிறம் இல்லை. வாசனையும் இல்லை. உறங்குகிறவர் உறங்கியபடியே உயிர் விடுவார். நாயை மட்டும் அல்ல, வீட்டில் உள்ள எல்லோரையும் அது கொன்றுவிடும்!

கதவைத் திறங்கள்

நாய்க்குப் பேசத் தெரியாது. "குளிர்கிறது" என்று கதவைத் தட்டவும் தெரியாது. ஆகவே, படுக்கப் போகுமுன் வீட்டுக்காரர்தான் ஒரு தடவை வெளியே வந்து பார்க்க வேண்டும். கம்பளி இல்லாமல் ஐந்து நிமிஷம் வாசலில் நின்று பார்க்கட்டும். தன் பல் கிடுகிடு என்று அடித்துக்கொண்டால், நாயின் நிலைமை என்ன என்பது அவருக்கே புரிந்துவிடும்.

அதன்பிறகு அவர் சங்கிலியை அவிழ்த்துவிட்டு, நாயை உள்ளே கூப்பிடட்டும். அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும்.